தவளைக்கு எத்தனை கிலோ

சிலைகளுக்கு அச்சு எடுக்கும் அச்சுக்காரருடைய கண்ணைப் பற்றி அந்தப் பக்கத்தில் நிறையக் கதைகள் உலவின. பாதியை அவரே சொன்னார், மீதியை அவர் சொல்லக் கேட்டவர்கள் சொன்னார்கள். ஒருமுறை ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பேங்க் வாசலில் இருந்த கல் சிங்கத்தைப் பார்த்துவிட்டு, "பதினேழரை கிலோ ரப்பர் பிடிக்கும். வாலைத் தனியா எடுத்தா பதினாறே முக்கால்" என்றாராம். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. சிங்கத்தையே பார்க்காத அந்த மனிதர் சாகும்வரைக்கும் அந்தக் கணக்குக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை பக்கத்துத் தெருவில் பிறந்த குழந்தையை அவரிடம் காட்டினார்கள். ஒரு எடை சொன்னார். நர்ஸ் வைத்த தராசு ஐம்பது கிராம் வித்தியாசம் காட்டியது. "தராசை ரிப்பேருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் தராசை மாற்றிவிட்டார்கள் என்பதுவரைக்கும் கதை வளர்ந்தது.

அவர் தொழிலுக்கு அந்தக் கண் தேவைதான். ஒரு சிலையைப் பெட்டிக்குள் நிறுத்தி, சுற்றிலும் சிலிக்கான் ரப்பரைக் கூழாக ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தால் அது அச்சு. இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலந்துவிட்டால் முக்கால் மணி நேரம்தான். அதற்குள் ஊற்றி முடிக்க வேண்டும். ரப்பர் குறைந்தால் ஊற்றியதெல்லாம் பாழ். கூடினால் மிச்சம் டப்பாவிலேயே கிடந்து கெட்டுப்போகும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் எத்தனை கிலோ என்று தெரிந்தாக வேண்டும். மற்ற அச்சுக்காரர்கள் இதற்கு டேப்பு, காகிதம், பென்சில் என்று உட்காருவார்கள். இவர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், ஒரு எண் சொல்வார், டீ குடிக்கப் போய்விடுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட ரப்பர் குறைந்ததில்லை. முதல் வேலையைத் தவிர.

அந்த முதல் வேலையில் அரைக் கிலோ குறைந்தது. அச்சுக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்யாணமாகி மூன்று மாதம். அவர் மனைவி அந்த முதுகையே இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வேலைக்கு அவர் "நாலு" என்றபோது, அவள் கடைக்குப் போய் ஐந்து வாங்கி வந்தாள்.

கடைக்குப் போவது, ரப்பரை எடைபோடுவது, ஹார்ட்னர் கலக்குவது மூன்றும் அவள் வேலை. அதனால் ரப்பர் கடைக்காரர் அவளுக்குத் 'தராசம்மா' என்று பெயர் வைத்திருந்தார். கடையில் பெரிய டிரம்மிலிருந்து நாம் கொண்டுபோகிற வாளியில் ஊற்றித் தருவார்கள். வாளியில் எண் எதுவும் எழுதியிருக்காது. அச்சுக்காரர் தராசுப் பக்கம் போவதில்லை. அது கண் இல்லாதவர்களுக்கு என்பது அவர் கட்சி.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் சுலபம். ஒவ்வொரு வேலைக்கும் வாளியில் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்து அச்சுக்காரர், "கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாம் போலிருக்கே" என்று அடுத்த தடவை எண்ணைக் குறைத்தார். அவர் குறைக்கக் குறைக்க அவள் கூட்டினாள். ஒரு கிலோவில் தொடங்கிய வித்தியாசம் ஒன்றரையாகி, இரண்டாகி, போன வருஷம் மூன்றைத் தாண்டியிருந்தது. அவர் எண் எவ்வளவு சின்னதானதோ பெயர் அவ்வளவு பெரிதானது. "தம்மாத்தூண்டு ரப்பர்ல முடிச்சிடுவாருப்பா" என்றார்கள்.

கெட்டுப்போவதற்கு முன் அந்த மிச்சத்தை அவளே கலந்து ஏதாவது ஒன்றில் ஊற்றிவிடுவாள். கட்டில் கால்களுக்கு நாலு பூட்ஸ். கதவுக்கு முட்டு. தண்ணீர்க் குடத்துக்கு அடியில் வட்டத் தட்டு. துவைக்கும்போது உட்கார ஒரு மெத்தைக் கட்டி. அந்த வீட்டில் எதை நகர்த்தினாலும் சத்தம் வராது. பாத்திரம் தவறி விழுந்தால் எகிறித் திரும்ப மேடைக்கே வந்துவிடும் என்று அச்சுக்காரர் சொல்வார். பெண்டாட்டிக்கு ரப்பரில் ஏதாவது செய்துகொண்டிருப்பது ஒரு பொழுதுபோக்கு என்று அவர் நினைத்திருந்தார்.

தவளை வந்த சமயத்தில் தராசம்மா படுக்கையில் இருந்தாள். ரப்பர் ஒட்டாமல் இருக்க சிலையில் பூசுகிற மெழுகை அச்சுக்காரர் தரையில் சிந்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவள் அதில் கால் வைத்தாள். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. முழங்கால்வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது. உள்ளறைக் கட்டிலில், துவைக்கும்போது உட்காரும் அந்த ரப்பர்க் கட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கம் நடக்கும் வேலையைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் முடிந்திருந்தது. வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாதபடி அடித்தது. மின்விசிறி சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. மாவுக்கட்டுக்குள் அரித்தது. அலுப்பு என்றால் அப்படியோர் அலுப்பு. தூங்கி எழுந்தால் தூங்கின அலுப்பும் சேர்ந்துகொண்டது.

சமைத்துப்போட அச்சுக்காரரின் அக்கா வந்திருந்தாள். வாய் ஓயாததால் அவளை எல்லோரும் 'ரேடியோ அக்கா' என்பார்கள். கண்ணளவு அந்தக் குடும்பத்துக்கே உள்ளது. அக்கா உப்பை எட்ட நின்று வீசுவாள். மூன்று வாரமாகக் கஞ்சியில் உப்பில்லை, அல்லது கஞ்சியே இல்லை, உப்புதான்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பாள் அக்கா.

"நல்லாருக்கு அண்ணி."

"பின்ன? எங்க வம்சத்துல யாரும் அளந்து போட்டதே கிடையாது. கை சொல்லும்."

தவளை ஒரு பூங்காவுக்கு. குளத்தைச் சுற்றி எட்டுத் தவளைகள் உட்கார்ந்து வாயால் தண்ணீர் பீச்ச வேண்டும். அச்சுக்காரர் களிமண்ணில் ஒன்றைச் செய்து முடித்திருந்தார். நாலு பேர் வீட்டுச் சோற்றுப் பானை அளவு இருந்தது, முட்டைக் கண்ணோடு. ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வேலை. மெஷினில் அச்சு வெட்டுகிற புதுக் கம்பெனி ஒன்று மற்ற வேலைகளையெல்லாம் கொண்டுபோயிருந்தது. "இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா டைல்ஸ் கோடவுன்ல வாட்ச்மேனாப் போயிடறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அதை அவர் சிரிக்காமல் சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஒரு காலையில் அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்.

"தவளைக்கு அஞ்சு கிலோ. நானே போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"அஞ்சா?"

"ஏன்? நாலரையே போதும். நீ மனசு கஷ்டப்படுவேன்னு அஞ்சு."

"ஒன்பது வாங்கிக்கிடுங்களேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அதான். தவளையை நீ கண்ணாலகூடப் பாக்கல. படுத்துக்கிட்டே ஒன்பதுங்கறே."

"சிலை பெருசுன்னு அண்ணி சொன்னாங்க. இல்லேன்னா எட்டாவது..."

"இந்தா, இருபத்தாறு வருஷத்துல என் கணக்கு எப்பவாவது தப்பியிருக்கா? நீயே சொல்லு. நீதானே கூட இருந்தே?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்துப் பொய்யை எழுந்து நின்று சொன்னாலாவது ஒரு மரியாதை இருக்கும். ஒற்றைக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தபடி எப்படிச் சொல்வது?

"தப்பினதில்லங்க" என்றாள்.

"ஆங்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அவர் குளித்தால் அரை மணி நேரம். தராசம்மா அக்காவைக் கூப்பிட்டாள். தவளையைச் சுற்றிப் பலகைப் பெட்டி தயாராக நின்றது. தவளைமேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, பெட்டிக்குள் வீட்டு அரிசியை டம்ளர் டம்ளராகக் கொட்டி, தவளையின் தலை மறைந்து இரண்டு விரல்கடை ஏறும்வரை எத்தனை டம்ளர் என்று எண்ணச் சொன்னாள்.

"எதுக்கு?"

"சும்மா அண்ணி. தெரிஞ்சுக்கலாம்னு."

"அரிசிக்கும் தவளைக்கும் என்னடி சம்பந்தம்?"

"எண்ணும்போது பேசாதீங்க அண்ணி, அது ஒண்ணுதான்."

இது நடக்கிற காரியமா? திரைக்கு அந்தப் பக்கம் அரிசி விழும் சத்தமும் அக்காவின் குரலும் சேர்ந்தே கேட்டன. "பதினொண்ணு... இந்த அரிசில கல்லு இருக்கு, எந்தக் கடைல வாங்கறீங்க... பன்னண்டு... யம்மா, என்னா வெயிலு..." நடுவில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் வந்து கத்தரிக்கோல் கேட்டாள். கத்தரிக்கோலைப் பற்றிப் பேசி, அவள் மருமகளைப் பற்றிப் பேசி, மறுபடி அரிசி விழுந்தது.

"முடிஞ்சிருச்சு" என்றாள் அக்கா.

"எத்தனை?"

"முப்பத்தெட்டு." சற்று யோசித்தாள். "இல்ல முப்பத்தி நாலு. அவ வர்றப்ப இருபத்தி ரெண்டா, இருபத்தி ஆறா?"

"என்னைக் கேட்டா?"

"நீதானே கேட்டுக்கிட்டு இருந்தே?"

தராசம்மா கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். அஞ்சு டம்ளர் ஒரு லிட்டர். முப்பத்தி நாலு என்றால் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. முப்பத்தெட்டு என்றால் ஏழரைக்கு மேல். ரப்பர் தண்ணீரைவிட கனம், பத்துக்கு ஒன்று சேர்க்க வேண்டும். வாளியிலும் குச்சியிலும் ஒட்டிக்கொள்வது ஒரு முக்கால் கிலோ. எப்படிப் பார்த்தாலும் எட்டுக்குக் குறையாது, ஒன்பதுதான் நிம்மதி. அவர் எங்கே தவறுகிறார் என்றும் அவளுக்குத் தெரியும். அவர் கண் தவளையைத்தான் பார்க்கும். ரப்பர் பிடிப்பது தவளை இல்லாத இடத்தில். தவளை மேலே போகப் போகக் குறுகும், பெட்டி குறுகாது.

"அரிசியை அள்ளிடுங்க அண்ணி, அவர் வந்துடப்போறார். ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது."

"எங்க வம்சத்துல..." என்று தொடங்கி அக்கா அள்ளினாள்.

அவர் வாளியோடு கிளம்பியதும் தராசம்மா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள்.

"சொல்லுங்க தராசம்மா. கால் எப்படி இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"அப்படியேதான் இருக்குங்க. அவரே வர்றாரு."

"யாரு, அந்தக் கண்ணுக்காரரா?" கடைக்காரர் குரலில் கலக்கம். "அவர் சொன்னது எத்தனை, நான் ஊத்தறது எத்தனை?"

"அஞ்சு சொல்வாரு. ஒன்பது ஊத்துங்க. மிச்ச நாலுக்கு வழக்கம்போல நான் குடுத்துடறேன்."

"பக்கத்துலயே நிப்பாரேம்மா."

"பின்னாடி டிரம்லருந்து ஊத்தறேன்னு வாளியை உள்ள கொண்டுபோங்க. ஒருவேளை குறைஞ்சா, நாளைக்குக் கடை இருக்குதில்ல?"

"எங்க? நாலு நாளைக்கு மகன் வீட்டுக்குப் போறோம். பூட்டிட்டுத்தான்."

ஒரு வழியாயிற்று என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாளி வீட்டுக்கு வந்துவிட்டால் போதும். அவர் ஊற்றுவார், மூடும், மிச்சம் இருக்கும், "பாத்தியா?" என்பார். அடுத்த தடவைக்கு நாலரை என்பார். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றரை மணி நேரத்தில் வர வேண்டியவர் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். சட்டை முழுக்க வேர்வை. முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"என்ன இவ்வளவு நேரம்?"

"கடைக்காரருக்கு வயசாயிடுச்சு" என்று அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "வாளியைக் கையில வாங்கறேன், என்னவோ இழுக்குது. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டேன். கை சும்மா இருக்கல. இது அஞ்சு இல்லடா, ஒன்பதுன்னு சொல்லிச்சு. திரும்பிப் போனேன். வைய்யா தராசுலன்னேன். கரெக்டா ஒன்பது. ஒரு கிராம் கூட இல்ல, குறைய இல்ல. வெலவெலத்துப் போயிட்டாரு மனுஷன். நாலு கிலோவை அவர் கண்ணு முன்னாலயே டிரம்முல திருப்பி ஊத்திட்டு, 'மறதி வருது, நல்ல டாக்டராப் பாருங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் போனைத் தலையணைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினாள்.

"அடுத்தவன் சரக்கு நமக்கு எதுக்கு?"

"ஆமாங்க."

கையில் இருப்பதன் எடையை அவர் தப்பில்லாமல் சொல்வார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்த வாளியை அவர் தூக்கியதே இல்லை, அதுதான். சாயங்காலம் கடைக்காரர் போன் செய்து, "என்னை டாக்டர்கிட்டப் போகச் சொல்லிட்டாரும்மா" என்று கிட்டத்தட்ட அழுதார். அவரைத் தேற்றுவதிலேயே அவளுக்குக் கால் மணி நேரம் போயிற்று.

மறுநாள் காலையில் கடைசியாக ஒருமுறை முயன்றாள். "நாலு நாள் கழிச்சு ஊத்தலாமே. வெயில் குறையட்டும்."

"களிமண்ணு வெடிக்க ஆரம்பிச்சிடுச்சு. கண் இமைல கோடு வந்திருக்கு. இன்னிக்கு விட்டா தவளை இல்ல."

பதினோரு மணிக்குத் தொடங்கினார்கள். கலப்பதற்கு அக்கா. ஒரு டப்பாவுக்கு ஒரு கிலோ, அதற்கு இவ்வளவு ஹார்ட்னர் என்று தராசம்மா உள்ளேயிருந்து சொன்னாள். குச்சி டப்பாவின் ஓரத்தில் உரசும் சத்தம். அச்சுக்காரர் ஊற்றுவதற்குச் சத்தமே இருக்காது. பெட்டியின் ஒரே மூலையில், மேலேயிருந்து நூலாக விடுவார், காற்றுக் குமிழி சேராமல். அந்தக் கை அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"எதுவரைக்கும் வந்திருக்கு அண்ணி?"

"தொடை. நல்லா உக்காந்து குளிக்குது."

நாலு.

"இப்ப?"

"கழுத்துக்குக் கீழ. ஏன்டா, இன்னும் ஒரு டப்பாதானே இருக்கு?"

அஞ்சாவதைக் கலக்கும் சத்தம். பிறகு வாளியைச் சுரண்டும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் கேட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மின்விசிறியும் நின்றது.

"என்னடா நிறுத்திட்டே?" என்றாள் அக்கா. "வாய் வரைக்கும் வந்திருக்கு. கண்ணு ரெண்டும் வெளிய முழிச்சிக்கிட்டு இருக்கு. நிஜத் தவளை மாதிரியே இருக்குடா, தண்ணியில."

ஸ்டூல் இழுபடும் சத்தம்கூட இல்லை. அதன் கால்களுக்கும் ரப்பர் போட்டிருந்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார் என்பது மூச்சில் தெரிந்தது. எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும்.

தராசம்மாவுக்கு ஒரே ஒரு கணம் அப்படியே படுத்துக் கிடக்கத் தோன்றியது. குறைந்துவிட்டது, தெரிந்துவிட்டது. இனி எந்த வாளியிலும் எதையும் கூட்ட வேண்டாம். வாட்ச்மேன் வேலைக்குப் போனாலும் போகட்டும், அங்கே யாரும் எத்தனை கிலோ என்று கேட்கப்போவதில்லை. அவள் கால் வலித்தது. அந்த யோசனை தலையணைபோல மெத்தென்று இருந்தது.

"டப்பால இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள் சத்தமாக.

கட்டில் சட்டத்தைக் கையால் தட்டினாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். அஞ்சாவது டப்பா முழுசும் ஊத்திட்டீங்களா?"

"பாதி இருக்கு" என்றார். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"கலக்கி எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பத்து."

"இந்த வெயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் தாங்கும். கடைல கிடைக்காது. வீட்ல இருக்கு. பழைய ரப்பரை வெட்டி உள்ள போட்டா மட்டம் ஏறும், புதுசோட ஒட்டிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"பழைய அச்சு எங்க இருக்கு? எல்லாம் வேலை குடுத்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"அச்சு இல்ல. கதவு முட்டைக் கழட்டுங்க. அண்ணி, குடத்தை இறக்கிட்டு அந்தத் தட்டைக் கொண்டாங்க. நல்லாத் துடைச்சு, தின்னர் போட்டு. கட்டில் காலைத் தூக்குங்க."

திரை விலகியது. அச்சுக்காரர் கத்தியோடு நின்றார். ஒரு நிமிஷத்தில் பத்து வருஷம் கூடியிருந்தது.

"முதல்ல கண்ணுமேல பிரஷ்ஷால ஒரு பூச்சு போட்டுட்டு வாங்க. துண்டு முகத்துல படக் கூடாது. ஓரமாவே போடுங்க."

"தெரியும்" என்று போனார்.

பிறகு அந்த வீட்டில் நடந்தது ஜப்திதான். கதவு முட்டு மூன்று. குடத்தட்டு. ஸ்டூல் பூட்ஸ். அரிவாள்மனைக்கு அடியில் இருந்த ரப்பர்ப் பாய். அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி வெட்டினார். கட்டில் கால்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் படுக்கை டக், டக் என்று நாலு முறை தரையில் தட்டியது. அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு வெகுகாலம் ஆயிருந்தது.

"இது எந்த வேலைல மிஞ்சினது?" என்றார் வெட்டிக்கொண்டே. பாயைக் கையில் பிடித்திருந்தார்.

"கடிகாரக் கடைக் குதிரை."

"இது?"

"ஓட்டல் வாசல் வாத்து."

அவர் குடத்தட்டை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணே கால் இருக்கும். வாத்துக்கு நான் எத்தனை சொன்னேன்?"

"ஏழு."

"ஏழு சொன்னேன். அதுல ஒண்ணே கால் மிஞ்சிருக்கு." கத்தி நின்றது. "அத்தனை பெரிய வாத்துக்கு ஏழா சொன்னேன்?"

தராசம்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரியின் துணிகள் காற்றில்லாமல் தொங்கின.

"நேரம் ஆகுதுங்க" என்றாள்.

அவர் மறுபடி வெட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, வெட்டிய குவியலைக் கையால் அளைந்து, "ரெண்டே கால்" என்றார். "பத்தாது. இன்னும் ஒரு கிலோவுக்கு மேல வேணும்." இந்த முறை கண்ணைச் சுருக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்.

"இதை எடுத்துக்குங்க" என்று அவள் மாவுக்கட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தாள்.

"அது வேணாம். கால் வீங்கிடும்."

"தவளை முழிச்சிக்கிட்டு இருக்குங்க. எடுங்க."

கட்டியை அவர் உருவினார். அதன் நடுவில் அவள் குதிகால் மூன்று வாரத்தில் போட்ட பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் கத்தி போகாமல் ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். கடைசியில் அதையும் வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

துண்டுகள் விழும் சத்தம் சளக், சளக் என்று வந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் வர்ணனை சொன்னாள். "மூக்கு மூடிடுச்சு... ஒரு கண்ணு போச்சு... ரெண்டு கண்ணும் போச்சு... நெத்தி... ஊத்துடா, அந்தப் பாதி டப்பாவை ஊத்து... யப்பா!"

அச்சுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"நல்லவேளைடா" என்று பின்னாலேயே வந்த அக்கா சொன்னாள். "பத்தாம போயிருந்தா?"

"அஞ்சு கிலோதானே வாங்கினோம்?" என்றார். குரல் அவ்வளவாக ஏறவில்லை. "மூடிடுச்சா இல்லையா?"

அக்கா தராசம்மாவைப் பார்த்தாள். தராசம்மா, "மூடிடுச்சுங்க" என்றாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் ஒரு காலில் ஆடித் தட்டியது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். இதோ திரும்பிப் படுத்துவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து, மூலையில் கிடந்த தன் தலையணையை இரண்டாக மடித்து, அதுவும் போதாமல் சட்டையைக் கழற்றிச் சுருட்டி மேலே வைத்து, அவள் காலை அதன்மேல் ஏற்றினார். உயரம் சரியாக இருந்தது. அதற்கு அவர் கண் போதும்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியைப் பிரித்தார்கள். அச்சு நன்றாக வந்திருந்தது. இமையில் ஒரு கீறல் இல்லை. அச்சுக்காரர் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தவளையின் முதுகு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு அரிசி.

"இது எப்படி வந்துச்சு?" என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து, "கஞ்சிக்குக் களையும்போது தெறிச்சிருக்கும்" என்றாள், கேட்கப்படாமலே.

அவர் அரிசியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் மாவுக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள், அதைச் சொறிந்து என்ன பயன் என்று அவளுக்கே தெரியும்.

"எத்தனை டம்ளர்?" என்றார்.

"முப்பத்தி நாலோ முப்பத்தெட்டோ" என்றாள் அவள்.

அவர் தலையாட்டிக்கொண்டே போய் அரிசியை அரிசி டப்பாவில் போட்டார்.

எட்டுத் தவளைகளும் குளத்தைச் சுற்றி உட்கார்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அரிசி அளவில் ஒரு மேடு உண்டு. பூங்கா அதிகாரி அதைத் தடவிப் பார்த்து, ஈ உட்கார்ந்திருப்பதாக நினைத்து, "என்ன நுணுக்கம்!" என்று வியந்து, நாலு ஆமைக்கும் ஆர்டர் கொடுத்தார். நம்பாதவர்கள் போய்த் தடவிப் பார்க்கலாம்.

ஆமையின் பெட்டி தயாரான அன்று அச்சுக்காரர் டீ குடிக்கப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கிறீச்சென்று அது தரையில் கத்த, பெட்டியைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார். ஆமையைப் பார்க்கவில்லை. ஆமைக்கும் பலகைக்கும் நடுவில் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்தார்.

"ஏழு" என்றார்.

போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "கடைக்கு நீயே பேசிடு. அவர் பேசறது எனக்குச் சரியாக் காதுல விழமாட்டேங்குது. வாளியை நான் தூக்கிக்கறேன்." சொல்லிவிட்டு வாசல்வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க தராசம்மா" என்றார் கடைக்காரர். "அவர் சொன்னது எத்தனை?"

"ஏழு."

"நான் ஊத்தறது?"

காலையில் அவர் குளிக்கும்போதே அவளும் அக்காவும் அரிசிக் கணக்கை முடித்திருந்தார்கள். இந்த முறை அக்கா வாயில் துணியைக் கவ்விக்கொண்டு எண்ணினாள்.

"எட்டு" என்றாள் தராசம்மா.

"ஒண்ணுதானா?" என்றார் கடைக்காரர், ஏதோ குறைந்துவிட்டதுபோல.

அச்சுக்காரர் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். படி ஏறும்போது வாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கனமா இருக்கும் போலிருக்கே" என்றாள் அக்கா. "எவ்வளவுடா அது?"

அவர் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் டக்கென்று தட்டியது.

"ஏழு" என்றார்.